போனை வாங்கினவரைக் கேட்டது போதும், வைத்திருப்பவரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் "உங்கள் கையில் என்ன போன்?" என்று ஒரு பக்கம் வந்திருந்தது. யாழ் நகரத்தில் இளம் ஆக்கள் சிலரை நிறுத்திக் கேட்டு, படத்தோடு போட்டிருந்தீர்கள். ஒருவர் கமராவைப் பற்றிச் சொன்னார். ஒருவர் கேம் விளையாடினாலும் சூடாகாது என்றார். ஒரு தங்கச்சி போனின் நிறத்தைப் பற்றி மட்டும் நாலு வரி சொல்லியிருந்தார். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. தங்கள் காசில் பார்த்துப் பார்த்து வாங்கியவர்கள், அதைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கு நிறைய இருக்கும். எனக்கு வந்த எரிச்சல், அந்தப் பக்கத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு முகம்கூட இல்லையே என்பதில்தான்.

சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட ஒரு சின்னக் கொமினிகேசன் எங்களுடையது. 2002 சமாதானத்துக்குப் பிறகு அப்பா தொடங்கினது. அந்த நாளில் கொமினிகேசன் என்றால் வெளிநாட்டுக் கோல் வந்து இறங்குகிற இடம். ஜேர்மனியிலிருந்தோ சுவிசிலிருந்தோ ஒருவர் எடுத்து, "அரை மணித்தியாலத்தால திரும்ப எடுக்கிறன், அம்மாவைக் கூப்பிட்டு வையுங்கோ" என்பார். கடையில் நின்ற பொடியன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவான். அந்த அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் கிடக்கிற வாங்கில் இருந்து காத்திருப்பார். இப்போது எங்கள் வேலை ரீலோட், போட்டோக் கொப்பி, பாஸ்போட் படம், சிம், கவர், சார்ஜர். உள்ளே என் தம்பி போன் திருத்துகிறான். வாங்கு மட்டும் அதே வாங்கு. அதில் இருந்து ஆக்கள் தங்கள் போன்களைப் பற்றிச் சொல்வதைத்தான் நான் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாங்கில் இருப்பவர்கள் ஒருவரும் போனின் பெயரைச் சொல்வதில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். "என்ன போன் அம்மா?" என்று கேட்டால், "சின்னவன் அனுப்பினது" என்பார்கள். "இது ரொறன்ரோப் போன்", "இது மூத்தவள் லண்டனால வரேக்க கொண்டு வந்தது", "இது மருமகன் பாவிச்சுப் போட்டுத் தந்தது". அனுப்பியவரின் பெயர்தான் போனின் பெயர். அதனால் போனில் குறை சொல்வது பிள்ளையைக் குறை சொல்வது மாதிரி ஆகிவிடுகிறது. வீடியோ கோலில் மகன் கேட்பார், "எப்பிடி அம்மா போன்?" "நல்லா இருக்கு ராசா, வடிவா வேலை செய்யுது." அந்தக் கோல் முடிந்து அடுத்த நாள் காலை அந்த அம்மா என் கடைக்கு வந்து, போனை மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தணித்து, "பிள்ளை, உதை ஒருக்கால் சரியாக்கித் தா, தம்பியிட்டைச் சொல்லிப் போடாதை" என்பார்.

உண்மை அபிப்பிராயம் கடை மேசையோடு நின்றுவிடுகிறது. மகனுக்குப் போவது மற்றது. அவர் அடுத்த முறை இன்னும் பெரிய ஸ்கிரீன், இன்னும் ஒரு கமரா கூடின போன் ஒன்றை அனுப்புகிறார். பாவம், அவர் அங்கே இரண்டு வேலை செய்து அனுப்பியிருப்பார்.

குப்பிழான் பக்கத்து அம்மா ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்பவர். நடுவது, புல்லுப் பிடுங்குவது, கிண்டிக் காயவைத்துப் பிடி கட்டுவது எல்லாம் அவர் கைதான். மகள் அனுப்பிய போன் விலை கூடினது, ஒரு கீறல் இல்லை. அவர் முறைப்பாடு ஒன்றே ஒன்று. கோல் வந்தால் அவரால் எடுக்க முடியவில்லை. பச்சையை இழுக்கிறார், இழுக்கிறார், அது அசையவில்லை. என் முன்னாலேயே செய்து காட்டினார். நான் தொட்டேன், உடனே வேலை செய்தது. "பாத்தியே? எங்கட மாட்டுக்கு என்ர கை தெரியுது, உதுக்குத் தெரியேல்லை" என்றார். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

காரணம் தம்பி சொன்னான். இந்தக் காலத்து ரச் ஸ்கிரீன் அழுத்தத்தால் வேலை செய்வதில்லை. விரலின் தோலில் இருக்கிற ஈரத்தால் நடக்கிற சின்ன மின் மாற்றத்தைத்தான் அது பிடிக்கிறது. செம்மண்ணிலும் வெங்காயத் தாளிலும் பழகிக் காய்த்துப்போன, காய்ந்த விரல் நுனியை அது பல நேரம் விரலாகவே எடுப்பதில்லை. அதற்கு மேல் தடித்த கண்ணாடி ஒன்று வேறு ஒட்டி அனுப்பியிருந்தார்கள், உடையாமல் இருக்கட்டும் என்று. தம்பி அதைக் கழற்றினான். சில போன்களில் தொடு உணர்வைக் கூட்டுகிற ஒரு தெரிவு அமைப்புகளுக்குள் இருக்கும், அதையும் போட்டு விட்டான். ஓரளவு சரி வந்தது. மிச்சத்துக்கு அந்த அம்மாவே வழி கண்டுபிடித்தார். விரலை மடித்து, பின்பக்க மூட்டால் தட்டுகிறார். அங்கே தோல் மெல்லிசு. விரலடையாளப் பூட்டை எடுத்துவிடச் சொன்னார், அதுவும் அவரை ஒரு நாளும் அடையாளம் காணவில்லை. தோட்டக்காரர், மேசன் வேலை செய்பவர், வலை இழுப்பவர் என்று எத்தனை பேர் இதே முறைப்பாட்டோடு வருகிறார்கள் என்று உங்கள் நிருபர் ஒரு நாள் வந்து இருந்தால் தெரியும். விரல் காய்க்காத ஆட்களிடம் மட்டும் கேட்டால் இது எப்படி வெளியில் வரும்?

இனி, எல்லோரும் மனம் விட்டுப் புகழ்கிற போன் எது என்று கேட்டால், உங்களுக்குச் சிரிப்பு வரும். நொக்கியா 1100. 2003இல் வந்த பட்டன் போன். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அதற்குப் பிறகு எத்தனையோ வந்தும் அந்த எண்ணிக்கையை ஒரு போனும் தாண்டியதாக நான் அறியவில்லை. அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எங்கள் ஊர் ஆக்கள் முதலில் சொல்வது அதிலிருந்த ரோச் லைற்றைத்தான். 2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை பூட்டுப்பட்ட பிறகு இங்கே இருந்தவர்களுக்கு அந்த ரோச்சின் பெறுமதி தெரியும். போன் இருக்கும், சிக்னல் இருக்காது. பின்னேரம் ஊரடங்கு. மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்தில். அந்த நேரத்தில் போன் கோல் எடுப்பதற்கில்லை, கிணற்றடிக்குப் போக. அப்பா தன் 1100ஐக் கடைசி வரைக்கும் சட்டைப் பையில் வைத்திருந்தார், சிம் இல்லாமலே கொஞ்சக் காலம்.

அதன் பற்றறி பீஎல்-5சி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் போன் போய் எவ்வளவு காலம், அந்தப் பற்றறி இன்னும் எங்கள் கடையில் விலைப்படுகிறது. சின்ன ரேடியோக்களுக்கு, பாட்டுப் பெட்டிகளுக்கு, இப்போதும் வருகிற பட்டன் போன்களுக்கு அதையே போடுகிறார்கள். நகத்தால் மூடியைத் திறந்து, பழையதை எடுத்து, புதியதை வைத்தால் முடிந்தது. இன்றைய போனில் பற்றறி இறங்கிப் போனால் பின் கண்ணாடியைச் சூடாக்கிப் பசையை இளக்கித்தான் எடுக்க வேண்டும். தம்பிக்கு அது வருமானம்தான், இருந்தாலும் அவனே பேசிப் பேசித்தான் செய்வான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி வந்திருக்கிறது. அங்கே புதிதாகச் சந்தைக்கு வருகிற போனுக்கு, விற்பனை நின்ற பிறகும் 5 வருடம் மென்பொருள் புதுப்பிப்பும் 7 வருடம் உதிரிப் பாகமும் கொடுக்க வேண்டும். அங்கே இருக்கிற எங்கள் ஆக்கள் போன் மாற்றும்போது பழையதை இங்கேதான் அனுப்புகிறார்கள் என்பதால், அந்த விதியின் பலன் சுன்னாகத்துக்கும் ஒரு நாள் வந்து சேரும் என்று நம்புகிறேன்.

பட்டன் போன்தான் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிற ஆக்களையும் தெரியும். அவர்களுக்கு வங்கியிலிருந்து தமிழில் குறுஞ்செய்தி வந்தால் சில மலிவுப் போன்களில் வெறும் கட்டங்கட்டமாகத் தெரியும். அதைக் கொண்டு வந்து என்னிடம் நீட்டுவார்கள். எனக்கும் கட்டம்தான் தெரியும். வீடியோ கோல் இல்லை. நல்லூர்த் திருவிழா நேரம் யூரியூப்பில் தேர் பார்க்க ஏலாது. வாய்ஸ் மெசேஜ் அனுப்ப ஏலாது. அந்த வாய்ஸ் மெசேஜைப் பற்றி வயது போன ஆக்கள் சொல்லுகிற நல்ல வார்த்தையை நான் வேறு எதைப் பற்றியும் கேட்டதில்லை. எழுதத் தெரியாது, எழுத்துத் தெரியிற கண்ணாடி வீட்டில், ரொறன்ரோவில் இப்போது சாமம். கோடை காலத்தில் அவர்கள் எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு, மாரியில் பத்தரை. அமத்திப் பிடித்துக்கொண்டு கதைத்துவிட்டால் மகள் எழும்பினாப் பிறகு கேட்பாள். "எழும்பினாப் பிறகு கேள், குழம்புக்குப் புளி கரைச்சு விட மறந்திடாதை" என்று எங்கள் வாங்கில் இருந்தபடியே ஒருவர் கனடாவுக்குச் சமையல் சொல்லியிருக்கிறார்.

கடலுக்குப் போகிறவர்களின் கதை வேறு. குருநகரிலிருந்து வருகிற ஒரு அண்ணை இரண்டு போன் வைத்திருக்கிறார். ரச் போன் வீட்டில், பட்டன் போன் பொலித்தீன் பையில் சுற்றி முடிச்சுப் போட்டுப் படகில். ஈரக் கைக்கு ரச் சரிவராது, உப்புக் காற்று சார்ஜ் துளைக்குள் போய்ப் பச்சை பிடிக்கும். அவரிடம் கமராவைப் பற்றிக் கேட்டால் உங்களைப் பார்த்து விழிப்பார்.

2022ஐயும் மறக்கக் கூடாது. அந்தப் பங்குனி, சித்திரையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போனது. போனைப் பற்றி ஊரில் அதுவரை இருந்த அபிப்பிராயம் எல்லாம் ஒரே மாதத்தில் மாறியது அப்போதுதான். எவ்வளவு மெல்லிசு, எவ்வளவு மினுக்கம் என்று கேட்டவர்கள், பற்றறி எத்தனை மில்லி அம்பியர் என்று கேட்கத் தொடங்கினார்கள். 5000 என்றால் நின்று கதைப்பார்கள், 3000 என்றால் போய்விடுவார்கள். கரண்ட் வருகிற நேரம் பார்த்து எங்கள் கடையில் ஒரு பலகையில் போன்கள் வரிசையாகச் சார்ஜில் கிடக்கும், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஒரு ஒட்டு. அதே மாதங்களில்தான் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரைக்கும் ஏறியது. போன் விலை ஏறியது, பிறகு டொலர் இறங்கியும் அந்தப் பழைய விலைக்குப் போகவில்லை. 2024 ஜனவரியில் 18 வீத வற் வரியும் சேர்ந்தது. இங்கே கடையில் புதிது வாங்குவது பலருக்குக் கஷ்டமானது, வெளிநாட்டிலிருந்து வருகிற பழைய போனுக்கு மவுசு கூடியது.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் உங்கள் பத்திரிகையை இணையத்தில் வாசிக்கிறார்கள் என்பது தெரியும். அவர்களுக்காகக் கொஞ்சம் விபரமாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு முதலில். 2022இல் வந்த ஐபோன் 14 தொடக்கம், அங்கே விற்கிற ஐபோனில் சிம் போடுகிற இடமே கிடையாது. எல்லாம் ஈசிம், அதாவது கழற்றிப் போட ஏலாத, போனுக்குள்ளேயே இருக்கிற சிம். ஒரு ஐயா தன் பழைய போனிலிருந்து சிம்மைக் கழற்றி, கடதாசியில் மடித்துக்கொண்டு வந்து, "இதை உதுக்குள்ள போட்டு விடு பிள்ளை" என்றார். தம்பி போனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஐயா அவன் வேலை தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார், அங்கேயும் ஓட்டை இல்லை. ஈசிம் இங்கேயும் கிடைக்கிறது, ஆனால் அதற்கு ஒரு கிழமை அலைந்தார். அதே மாதிரி அமெரிக்காவில் தவணைக்கு எடுத்த போன்கள் பல அந்தக் கொம்பனியோடு பூட்டுப்பட்டிருக்கும். காசு கட்டி முடித்து, பூட்டைத் திறந்த பிறகு அனுப்புங்கள். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதலும், பிரித்தானியாவில் 2021 டிசம்பர் முதலும் பூட்டிய போன் விற்கக் கூடாது என்பது விதி. அதற்கு முந்தின போன் என்றால் ஒருக்கால் பாருங்கள்.

பழைய ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் எதையும் "அம்மாவுக்கு வட்ஸ்அப்புக்குக் காணும்" என்று அனுப்பாதீர்கள். 2025 மே மாதம் முதல் அவற்றில் வட்ஸ்அப் வேலை செய்யாது. போன் பார்க்கப் புதிது மாதிரி இருக்கும், கோலும் எடுக்கும். அந்த ஒன்றுக்காகத்தான் அனுப்பினீர்கள், அது மட்டும் இருக்காது.

கனடா, அமெரிக்கச் சார்ஜரின் தட்டைக் கால் இரண்டும் எங்கள் சுவரில் போகாது. வோல்ட்டேஜ் பிரச்சினை இல்லை, போன் சார்ஜர்கள் பெரும்பாலும் 100இலிருந்து 240 வரைக்கும் தாங்கும். கால்தான் பிரச்சினை. ஆக்கள் தீக்குச்சியைச் சொருகியும் கம்பியைச் சுற்றியும் செய்கிற வேலையைப் பார்த்தால் நெஞ்சு பதறும். ஒரு மாற்றி வாங்கினால் முடிந்தது, சில நூறு ரூபாவோடு போய்விடும்.

அடுத்தது ஐ.எம்.ஈ.ஐ. விடயம், அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கிற அடையாள இலக்கம். இதைப் பற்றி எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது, மிச்சப் பேருக்குப் பிழையாகத் தெரியும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, 2025 ஜனவரி 28 முதல், தன்னிடம் பதியப்படாத புதிய போன்களுக்கு இங்கத்தைச் சிம்மில் இணைப்புக் கிடைக்காது என்று அறிவித்தது. அந்தத் திகதிக்கு முன்னமே இங்கே சிம் போட்டுப் பாவித்துக்கொண்டிருந்த போன்களுக்குப் பாதிப்பு இல்லை என்றும் சொன்னது. இங்கே கடையில் வாங்குபவர்கள் காசு கொடுக்க முதல் போனில் *#06# அடித்தால் 15 இலக்கம் ஒன்று வரும். பெட்டியில் உள்ள இலக்கமும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் அடித்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். விற்பவர் இதைச் செய்ய விடாமல் அவசரப்படுத்தினால் அந்தக் கடையில் வாங்காதீர்கள். நானும் கடைக்காரிதான், அதனால் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து கொண்டு வருபவர்கள், பரிசாக அனுப்புபவர்கள் பெட்டியைக் கட்டுவதற்கு முன்னமே ஆணைக்குழுவிடம் நடைமுறையைக் கேட்டு அறியுங்கள். வந்து இறங்கினாப் பிறகு எங்கள் கடையில் வைத்து "உனக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினமே?" என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை.

சரி, விதிகள் போதும். திரும்ப அபிப்பிராயத்துக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவர் இருக்கிறார், கணக்குப் படிப்பித்தவர். தன் போனை நன்றாகவே பழகி வைத்திருந்தார். எந்த இடத்தில் எது என்று ஒரு கொப்பியில் படம் கீறி வைத்திருக்கிறார், நானே பார்த்தேன். 2025 ஓகஸ்டில் பல அன்ட்ரொயிட் போன்களில் கோல் எடுக்கிற திரை ஒரே இரவில் மாறியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த நாள் காலை ரீச்சர் கடைக்கு வந்தார். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். "என்னைக் கேளாமல் என்ர போனை ஆர் மாத்தினது?" என்றார். அது தானாக அப்டேற் ஆனது ரீச்சர் என்றேன். "தானா ஒண்டும் ஆகாது. ஒருத்தர் செய்யாமல் ஆகாது. ஆர் அந்த ஆள்?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. போன்களைப் பற்றி நான் கேட்ட அபிப்பிராயங்களில் ஆகத் தெளிவானது அதுதான் என்று நினைக்கிறேன். அவர் போனின் வேகத்தைக் குறை சொல்லவில்லை, கமராவைக் குறை சொல்லவில்லை. பழகி வைத்த இடத்தில் பொருள் இருக்க வேண்டும் என்றார். தம்பி பழைய மாதிரியே தெரிய ஒரு வழி செய்து கொடுத்தான், ரீச்சர் கொப்பியில் பழைய படத்துக்குக் கீழே திகதி போட்டுக்கொண்டு போனார்.

வயது போன ஆக்களுக்குப் போன் ஓடாது என்று உங்கள் பக்கத்தில் ஒரு தம்பி சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார், "எங்கட அம்மம்மாக்குக் கோல் எடுக்கவும் தெரியாது" என்று. அந்தத் தம்பிக்கு மல்லாகத்திலிருந்து எங்களிடம் வருகிற ஒரு ஐயாவைக் காட்ட வேண்டும். எண்பதைத் தாண்டியவர். தமிழில் குரல் தட்டச்சு வைத்திருக்கிறார். மொழி தெரிவு செய்கிற இடத்தில் இலங்கைத் தமிழ் என்று தனியாக ஒன்று இருப்பதை எனக்குக் காட்டித் தந்ததே அவர்தான். போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, பழைய பேப்பருக்குக் கடிதம் சொல்லுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்லுவார், அது எழுதிக்கொண்டு போகும். பிழை வந்தால் திட்டுவார், திட்டையும் சேர்த்து எழுதிவிடும், அதை அழிக்கத்தான் என்னிடம் வருவார்.

அந்த அம்மம்மாவுக்குக் கோல் எடுக்கத் தெரியாமல் இருக்கலாம். அவர் விரலை அந்தப் பேரன் ஒரு நாள் பிடித்துப் பார்த்திருப்பாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். மணிச் சத்தம் குசினிக்குக் கேட்கிறதா? எழுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தாரா? பல வீடுகளில் போனைப் பெட்டியால் எடுத்து, ஆங்கிலத்திலேயே எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தட்டி, வட்ஸ்அப்பைப் போட்டு, "இந்தாங்கோ அம்மா" என்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தமிழுக்கு மாற்ற ஒரு நிமிசம். எழுத்தைப் பெரிதாக்க ஒரு நிமிசம். மகள், மகன், ஆஸ்பத்திரி, ஓட்டோ, நாலு படத்தை முன் திரையில் வைத்துவிட இன்னும் கொஞ்சம். இதைச் செய்த போன் எங்களிடம் திருத்த வருவது குறைவு. நட்டம் எங்களுக்குத்தான், பரவாயில்லை.

நகரத்துப் போன் கடைக்காரருக்கும் இதையே சொல்வேன். கமரா எத்தனை என்று கண்ணாடியில் பெரிதாக ஒட்டுகிறீர்கள். சத்தம் எவ்வளவு, பற்றறி மாற்ற எவ்வளவு செலவாகும், எத்தனை வருடத்துக்குப் புதுப்பிப்பு வரும், இதையும் தமிழில் ஒரு துண்டில் எழுதி ஒட்டலாம். சில கொம்பனிகள் தங்கள் விலை கூடின போன்களுக்கு 7 வருடப் புதுப்பிப்பு என்று இப்போது சொல்கின்றன. மலிவுப் போன்களில் அது இரண்டு, மூன்று வருடத்தோடு நின்றுவிடுகிற கதைதான் அதிகம். வாங்குபவர் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடுவதென்றால் நிருபரைச் சந்தைக்கு அனுப்புங்கள், காலையில், வெயில் ஏற முதல். எங்கள் வாங்கில் இருக்கலாம், தேத்தண்ணி நான் தருவேன். "என்ன போன்?" என்று கேட்க வேண்டாம். "இதால உங்களுக்கு என்ன செய்ய முடியேல்லை?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் காணாது.

மற்றது, நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து எங்கள் ஆக்கள் வரத் தொடங்குவார்கள், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு போன் இருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்னமே அந்தப் பதிவு நடைமுறையை ஆணைக்குழுவிடம் கேட்டு, தமிழில், பெரிய எழுத்தில் போடுங்கள். நான் வெட்டிக் கடை வாசலில் ஒட்டுகிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது என்று தெரிகிறது. வெட்டுவதென்றால் நொக்கியாக் கதையை வெட்டுங்கள், அப்பா கோபிக்க மாட்டார். 1909ஐ வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
கொமினிகேசன் அக்கா,
சுன்னாகம்.